மூன்றாம் நாள் மல்லிகை

மூன்றாம் நாள் விடியற்காலையில் ரவிக்கை நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். கார்த்திகைக் குளிரில் வியர்வை ஏது என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பால். மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருந்தன. கையைத் தூக்கினால் அக்குள்வரை வலித்தது. குழந்தையைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் உடம்புக்கு அது தெரியவில்லை.

பக்கத்தில் படுத்திருந்த ஆயா, என் பாட்டி, விளக்கைக்கூடப் போடவில்லை. இருட்டிலேயே தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். எட்டு மணி வாக்கில் திரும்பி வந்தபோது கையில் வாழையிலைப் பொட்டலம். பள்ளிகொண்டாவில் முதல் பஸ்ஸைப் பிடித்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய் மல்லி வாங்கி வந்திருந்தார். பனிக்காலத்தில் மல்லி என்ன விலை விற்கும் என்று உங்களுக்குத் தெரியும். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி, கணக்குப் பார்க்காமல் வாங்கியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து நெருக்கமாகத் தொடுத்தார். உள்ளே வந்து சரத்தை மார்பில் சுற்றி வைத்து, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

"வாடினா மாத்திக்கலாம். நாலஞ்சு நாள்ல வத்திடும்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆறு வாரத்துக்கு முன்னால் வளைகாப்பன்று இதே மல்லியைத்தான் என் தலை கொள்ளாமல் வைத்தார்கள். அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த வாசனையை என்னால் தாங்க முடியவில்லை. தெருவில் பூக்காரம்மா குரல் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

ஆயா செய்ததை வேலூர் மருத்துவர்களே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. 1988-இல் அந்த ஆய்வு வெளியாகியிருக்கிறது. பால் வற்றவேண்டிய தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மார்பில் மல்லிச் சரம், இன்னொரு பகுதியினருக்கு புரோமோகிரிப்டின் மாத்திரை. ரத்தத்தில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனின் அளவு, மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் அதிகமாக இறங்கியிருக்கிறது. ஆனால் பால் வற்றியதிலும் மார்புக் கட்டு குறைந்ததிலும் பூ மாத்திரைக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. அதைப் படித்த அன்று ஆயா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. என்னை வீட்டுக்கு அனுப்பும்போது சத்து மாத்திரை கொடுத்தார்கள். தையலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பால் வரும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. குழந்தை இல்லாதவளுக்குப் பாலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்திருக்கலாம். இன்றைக்கு நான் இழப்பு நடந்த வீட்டுக்குப் போனால், உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான். ஐந்து மாதத்துக்கு மேல் போன கர்ப்பம் என்றால் பால் வரக்கூடும். வந்தால் பயப்படாதே. அணைப்பான உள்ளாடை போடு, ஈரத்துணி வை. வலி தாங்கவில்லை என்றால் கொஞ்சம் பீய்ச்சி விடு, முழுசாக எடுக்காதே, எடுக்க எடுக்க ஊறும். சிவந்து காய்ச்சல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பால் நிற்க டாக்டரிடம் மாத்திரை கேட்கலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது பல பெண்கள் அழுவார்கள். பக்கத்தில் மாமியார் இருந்தால் அவரும் அழுவார். அவருக்கும் ஏதோ ஒரு மூன்றாம் நாள் இருந்திருக்கும்.

2014-இல் நடந்தது இது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். 34-ஆவது வாரம். கால் வீங்கியிருந்தது. விரலில் மோதிரம் கழலவில்லை. "புள்ளத்தாச்சின்னா நீர் கோத்துக்கத்தான் செய்யும்" என்றார்கள். தலைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் கடைசி இரண்டு முறையும் பி.பி. பார்க்கவில்லை. ஒருமுறை கருவி ரிப்பேர், இன்னொரு முறை கூட்டம் அதிகம். பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியாது. டிகிரி முடித்தவள் நான். 140-க்கு 90 என்றால் எச்சரிக்கை, கர்ப்பத்தில் தலைவலியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் ஓடவேண்டும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்கு வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து அசைவு குறைந்தது. அத்தையிடம் சொன்னேன். "மாசம் ஏற ஏற உள்ள எடம் பத்தாது. புள்ள அடங்கிக்கும். ராத்திரி தூங்கு, காலைல பாத்துக்கலாம்" என்றார். அவருக்கு அவர் அம்மா சொன்னது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் அந்த வாக்கியம் தப்பு. எத்தனை வீட்டில் எத்தனை பெண்களிடம் அது இன்றைக்கும் சொல்லப்படுகிறது என்பதால் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். மாதம் ஏறினால் குழந்தை அடங்காது. உதை புரளலாக மாறலாம், அசைவு நிற்காது. அசைவு குறைந்ததுபோலத் தோன்றினால் இடப்பக்கமாகப் படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கிளம்புங்கள். சும்மா போய்த் திரும்பி வந்தால் வரட்டும்.

நான் காலைவரை தூங்க முயன்றேன்.

ஸ்கேன் அறையில் திரையை என் பக்கமிருந்து திருப்பி வைத்தார்கள். "துடிப்பு இல்ல" என்று சொன்னது என் கணவரிடம். நான் மேஜைமேல் படுத்திருக்கிறேன், குழந்தை என் வயிற்றில் இருக்கிறது, பதில் மட்டும் வாசல் பக்கம் நின்றவருக்குப் போனது. அதன்பின் வலி வரவைத்து, பத்தொன்பது மணி நேரம் கழித்துப் பிறந்தாள். பெண். பி.பி. அப்போது 160-க்கு 110. நச்சுக்கொடிக்குப் போகவேண்டிய ரத்தம் குறைந்து குறைந்து போயிருக்கிறது என்று பிறகு ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கம் எனக்குக் கிடைக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை நான் தின்ற பப்பாளித் துண்டு, ஏறிய பஸ், தூக்கிய தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

படுக்கை பிரசவ வார்டிலேயே. இரண்டு பக்கமும் குழந்தைகள் அழுதன. எதிர்க் கட்டிலுக்கு வந்த ஒரு பெரியம்மா எனக்கும் சேர்த்துச் சர்க்கரை நீட்டினார். யாரோ அவர் காதில் சொன்னார்கள். கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"பாக்க வேணாம்மா, கண்ணுலயே நிக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நர்ஸ், அம்மா, அத்தை, எல்லாருமே. அன்பினால் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். பச்சைத் துணியில் சுற்றிய ஒன்று கதவைத் தாண்டிப் போனது. என் மகளை நான் பார்த்தது அவ்வளவே. கண்ணில் நிற்கும் என்று பயந்தார்கள். நிற்பதற்கு ஒரு முகம்கூட இல்லாமல் போனது எனக்கு.

தலைச்சன் பிள்ளை. நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு உள்ள பயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாந்திரீகத்துக்கு மை எடுக்கத் தோண்டிவிடுவார்கள் என்று ராத்திரியில் ரகசியமாகப் புதைப்பார்கள், இடம் யாருக்கும் சொல்லமாட்டார்கள். என் கணவரும் மாமாவும் பாலாற்றங்கரையில் எங்கேயோ புதைத்துவிட்டு விடிவதற்குள் குளித்துவிட்டு வந்தார்கள். "எங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா" என்றார் மாமா. கேட்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு வந்தவர்கள் சொன்னவற்றை இங்கே வரிசையாக எழுத மனசு வரவில்லை. "நல்லவேளை, பழகறதுக்கு முன்னாடியே போயிடுச்சு." "வயசிருக்கு, அடுத்த வருஷமே ஒண்ணு வந்துடும்." "இன்னா சாப்ட்ட?" கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். கரு கலைந்தவளிடமும் குழந்தை வயிற்றிலேயே இறந்தவளிடமும் நம் ஊர் முதலில் கேட்பது இதைத்தான். இந்த ஒரு கேள்வி பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உருவான அன்றே தீர்மானமானது அது. அன்னாசிப் பழத்துக்கும் ஸ்கூட்டி ஓட்டியதற்கும் அதில் பங்கில்லை. தெரிந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்றாவது இப்படிக் கலைகிறது. எனவே உங்கள் தெருவில், உங்கள் வகுப்பில் படித்தவர்களில், உங்கள் சொந்தத்தில் கட்டாயம் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்தனம் பூசிக் கன்னத்தில் தடவ வரிசை வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் முடித்ததும் தட்டு என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் நின்றவரிடம் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கை தட்டை நகர்த்தியது, இன்னொரு கை வாங்கிக்கொண்டது. எத்தனை வளைகாப்பில் நானும் அந்தத் தட்டை அப்படி நகர்த்தியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வந்தது. சொல்லவே கூசுகிறது.

கம்பெனியில் இருபது நாள் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள். "குழந்தை இல்லையே, மெட்டர்னிட்டி எப்படிப் போடறது?" என்று கேட்டார் அந்த அலுவலர். சரிதானே என்று நானும் நினைத்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது நான்கு வருஷம் கழித்துத் தெரிந்தது. அப்போதிருந்த 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 'குழந்தை' என்ற சொல்லுக்குள்ளேயே இறந்து பிறந்த குழந்தையும் அடக்கம். அந்த நாளில் இருந்த 12 வாரச் சம்பள விடுப்பு எனக்கு உரியது. 2017 திருத்தத்துக்குப் பிறகு, உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவானால் அது 26 வாரம் ஆனது. 26 வாரத்துக்குள் கரு கலைந்தால் மறுநாளிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கான சான்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கவேண்டும். அதன்பின்னும் உடம்பு தேறவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம். விடுப்பில் இருப்பவளை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. இதை ஒரு தாளில் தமிழில் எழுதி, நகல் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். ஷூ கம்பெனிப் பெண்களைப் பார்க்கப் போனால் கொடுத்துவிட்டு வருவேன். ஒருமுறை ஒரு பெண் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "அப்போ எனக்கும் ஒண்ணு பொறந்துச்சுன்னு சட்டம் ஒத்துக்குதாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளாததை ஒரு சட்டப் புத்தகம் ஒத்துக்கொண்டதில் அவளுக்கு ஏதோ கிடைத்தது.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், 2017-இல் ஒருநாள் வந்து, "பக்கத்துத் தெரு பொண்ணு யார்கிட்டயும் பேச மாட்டேங்குது, நீ கொஞ்சம் போய் உக்காருமா" என்றார். போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது, "என்ன பேர் வெக்கலாம்னு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவள் பேரைச் சொன்னாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் கையை நிறுத்தினார். அந்தப் பேர் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சத்தமாகச் சொல்லப்பட்டது.

அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் போகிறேன். அமைப்பு, பேர், பலகை எதுவும் இல்லை. இப்போது என்னோடு மூன்று பேர் இருக்கிறார்கள், எல்லாரும் இழந்தவர்கள். எங்களுக்குள் சில வழக்கங்கள் உண்டு. 'அடுத்த குழந்தை' என்ற பேச்சை நாங்கள் எடுக்கமாட்டோம். கடவுள் கணக்கு, கர்மா என்று எதையும் சொல்லமாட்டோம். அவளுடைய ரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள், பின்னால் வரும் கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டார்களா என்று விசாரிப்போம். கரு கலைந்தவளுக்கும் அது தேவைப்படலாம் என்று பலருக்குத் தெரியாது. துணி மாற்றி மாளாத அளவுக்கு ரத்தம் போனால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே என்று சொல்வோம். குழந்தை பிறந்த வீட்டுக்குத்தான் நர்சம்மா வரவேண்டும் என்றில்லை, இறந்து பிறந்த வீட்டுக்கும் அவர் வரவேண்டும், பி.பி. பார்க்கவேண்டும். இந்த ரத்த அழுத்த வியாதி பிரசவத்துக்குப் பின்னும் சில வாரம் தாயை மிரட்டும்.

முன்கூட்டியே தகவல் வந்தால், பிரசவத்துக்கு முன் போக முடிந்தால், ஒன்றைக் கட்டாயம் சொல்கிறேன். பார்க்கவேண்டுமா வேண்டாமா என்பதை அவளிடம் கேளுங்கள். அவளுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். வேண்டும் என்றால் துடைத்து, நல்ல துணி சுற்றி, கையில் கொடுங்கள். ஒரு போட்டோ எடுத்து வேறொருவர் போனில் வைத்திருங்கள். ஐந்து வருஷம் கழித்துக் கேட்பாள். ஒரு ஆஸ்பத்திரியில் இளம் நர்ஸ் ஒருத்தி குழந்தையின் பாதத்தை இங்க் பேடில் தொட்டு ஒரு தாளில் பதித்துத் தாயிடம் கொடுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தத் தாள் இன்று அந்த வீட்டு பீரோவில் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கிறது.

பேரணாம்பட்டில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போனபோது எனக்கு வேறு மாதிரி ஒரு பாடம் கிடைத்தது. ஆறாவது மாதத்தில் போன குழந்தை. பேர் வைத்து, குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கபரஸ்தானில் அடக்கம் செய்திருந்தார்கள். இடம் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பாட்டி பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே, "அந்தப் புள்ள தொப்புள்கொடியைப் புடிச்சு உன்னை சொர்க்கத்துக்கு இழுத்துட்டுப் போவும்" என்றார். அந்தப் பெண் அழுதாள். எங்கள் வீட்டில் நான் அழுததுபோல முகத்தை மூடிக்கொண்டு அழவில்லை. நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் வீடுகளுக்கும் போயிருக்கிறேன். எட்டாம் மாதத்திலும் மடியில் முறம், முறத்தில் தூள், சின்ன அறை, ஒரே ஜன்னல். புகையிலை கர்ப்பத்துக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இவர்கள் புகைப்பதில்லை, நாள் முழுக்கத் தொட்டு, முகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இன்று சுற்றாவிட்டால் இன்று காசு இல்லை. வீட்டிலிருந்து சுற்றுபவளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? நான் பையில் வைத்திருக்கும் தாள் அவளிடம் வெறும் தாள்தான். கரு கலைந்த நான்காம் நாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டவளிடம் ஓய்வெடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரத்துக்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். அது தீர்வு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இழப்பு எல்லாருக்கும் வரும், பணக்காரிக்கும் வரும். ஆனால் எல்லார்மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. தாய் இறப்பு விகிதம் 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54, நாட்டின் சராசரி 97. இது சும்மா வந்ததில்லை. எத்தனையோ நர்சம்மாக்களின் கால் தேய்ந்து வந்தது, அதற்கு நான் தலை வணங்குகிறேன். அதே காலத்து தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இந்த மாநிலத்தின் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது. எந்தப் பாதி என்று நான் போகும் வீடுகளைப் பார்த்தாலே தெரியும்.

அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைக்கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை. கீழே ஒடுகத்தூருக்கு வந்தால்தான் நமக்குத் தெரிந்த உலகம். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தாளே, சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட்டதே, அந்தப் படம் எல்லாருடைய போனுக்கும் வந்தது. அந்தப் பக்கத்து மலைப்பெண் ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஏழாம் மாதம், ராத்திரியில் ரத்தப் போக்கு. டோலி கட்டி இறக்கினார்கள். குழந்தை இறங்கும் வழியிலேயே போய்விட்டது, அவள் பிழைத்தாள். "தாய் காப்பாற்றப்பட்டார்" என்று எழுதப்பட்டிருக்கும், அது உண்மை. என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். நான் போகாமல் விட்டேன். அவள் போக வழியில்லாமல் விட்டாள். நான் என்னை நொந்துகொள்ளலாம், அவள் யாரை நொந்துகொள்வாள்? மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போது வந்து தங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஏழாம் மாதத்து ரத்தப்போக்கு நாள் பார்த்து வராது. அதற்குச் சாலைதான் வேண்டும்.

இந்த ஊருக்கு இது புதுக் கதையும் இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டரானதே மூன்று பெண்களின் சாவினால்தான். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வலியில் இருக்கும் மனைவியைப் பார்க்க அந்தப் பெண்ணை அழைத்தார்கள். அவள் டாக்டர் இல்லை. டாக்டரான அவள் அப்பாவை அனுப்புவதாகச் சொன்னால், ஆண் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. அவள் படித்துவிட்டு 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினாள், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இதை நம் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். நான் யோசிப்பது அந்த மூன்று பிரசவங்களில் இருந்த குழந்தைகளைப் பற்றி. கதை சொல்கிற எல்லாரும் மூன்று சாவு என்கிறார்கள். யாரும் ஆறு என்று எண்ணியதை நான் கேட்டதில்லை.

இன்றும் அந்த எண்ணிக்கை அப்படித்தான் இருக்கிறது. தாய் இறந்தால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு மரணத்தையும் மாவட்ட அளவில் ஆராய்கிறார்கள், எங்கே தாமதம், யார் பார்த்தது, ரத்தம் இருந்ததா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள்தான் 54 வரைக்கும் இறக்கின. வயிற்றிலேயே இறந்த குழந்தைக்கு அந்த அழுத்தத்தில் கேள்வி கேட்பவர்களை நான் பார்க்கவில்லை. என் மகளுக்காக ஒருவர் கேட்டிருந்தால், 'ஏன் இரண்டு முறை பி.பி. பார்க்கவில்லை' என்பது எங்கேயாவது பதிவாகியிருக்கும், அடுத்த செவ்வாயே அந்தக் கருவி சரியாகியிருக்கும். இந்தியா 2014-இல் வெளியிட்ட பச்சிளங்குழந்தை செயல்திட்டம், 2030-க்குள் ஆயிரம் பிரசவத்துக்கு ஒற்றை இலக்கமாக இறந்து பிறப்பதைக் குறைக்கவேண்டும் என்கிறது. என் மகள் இறந்த அதே வருஷம். அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். எண்ணினால்தான் குறையும். ஒரு குழந்தை என்று எண்ண, முதலில் வீட்டில் அதைக் குழந்தை என்று சொல்லவேண்டும்.

ஆண்களைப் பற்றி எழுதாமல் முடிக்க எனக்கு மனசில்லை. என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நான்காம் நாள் வண்டியை எடுத்துவிட்டார். எல்லாரும் அவரிடம் "அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். "நீ எப்படி இருக்கே?" என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சேர்த்துத்தான். அவருக்கு வலிக்கவில்லை என்று பல வருஷம் உள்ளுக்குள் நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இப்போது போகிற வீடுகளில் வாசலில் நிற்கிற ஆணிடமும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பெரும்பாலும் அவர்கள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். அந்த எடை அவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. அப்படி ஒரு தண்ணீரை எங்கள் வயதுக்காரர்கள் பார்த்ததில்லை. மணலாகவே கிடந்த ஆறு கரைக்குக் கரை ஓடியது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, பிறகு பிறந்த எங்கள் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நாங்களும் போனோம். திரும்பி வந்து அவர் சாப்பிடவில்லை. ராத்திரி பையன் தூங்கியபின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கரை முழுக்கப் போயிடுச்சு" என்றார்.

எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை. ஏழு வருஷமாகக் கேட்காமல் இருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று புரிந்தது. அவர் போகும்போதும் வரும்போதும் வண்டியை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், ஏழு வருஷமும். எனக்குத் தெரியாது.

"முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"துணி கொஞ்சம் வெலகுச்சு. தல நெறைய முடி. காது உன் காது மாதிரி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நகம் வளந்திருந்துச்சு. முகத்துல கீறிக்குமே, வெட்டணுமேன்னு நெனச்சேன்."